சித்தப்பாவின் இடது கன்னம்

வாய்க்கால் மதகில் ஒட்டியிருந்த முறைப் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எந்தக் கிழமை எந்த வயலுக்குத் தண்ணீர், எத்தனை மணி நேரம் என்று யாரோ கட்டம் போட்டு எழுதி ஒட்டிய தாள். பாதி மழையில் கரைந்துபோயிருந்தது. வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடலாம் என்றால், ஒரு கன்னத்துக்கு முறை வைத்து மருந்து போடக் கூடாதா என்ன? அப்போது ஆறாம் வகுப்பு படித்தேன். பள்ளிக்கூடப் பையை வரப்பில் வைத்துவிட்டு, நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, அங்கேயே கட்டம் போட ஆரம்பித்தேன்.

கன்னம் சித்தப்பாவுடையது. இடது கன்னம். கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரைக்கும் ஒரு தழும்பு, வரப்பு வெட்டிவிட்ட மாதிரி மேடாக ஓடும். மாட்டுப் பொங்கலன்று அவிழ்த்து விட்ட காளை முட்டியது என்பது சித்தப்பா சொன்ன கதை. காளையின் நிறம் ஒவ்வொரு தடவையும் மாறும். ஒருமுறை கறுப்பு, ஒருமுறை மயிலை, ஒருமுறை இரண்டு காளைகள். நான் வகுப்பில் இரண்டு காளைக் கதையைத்தான் சொல்லி வைத்திருந்தேன்.

பங்குனியில் அவருக்குக் கல்யாணம். பெண் நீடாமங்கலம். அவர்கள் வீட்டில் யாரும் தழும்பைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. அம்மாதான் பிடிவாதமாக நின்றாள். “போட்டோவுல அப்படியே விழும், தம்பி. இப்பல்லாம் லேசர்ல சரி பண்றாங்களாமே, போய்ப் பாருங்க.” சித்தப்பா ரொம்ப யோசிக்கவில்லை. “அண்ணி சொன்னா சரி” என்று தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிவிட்டார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குப் போட்டோ மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்கு ஆச்சரியம். குடும்பப் போட்டோ எதிலும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றவள் இல்லை அவள்.

டாக்டரம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தார்.

“கல்யாணத்துக்கு ஏழு வாரம்தான் இருக்கா? ஒரு தடவை செய்யலாம். மிச்சத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம். ஆனா நான் செய்யறது பாதிதான். மீதி பாதி வீட்டுல. வெயில் பட்டுச்சுன்னா, பொருக்கைப் பிய்ச்சிங்கன்னா, தழும்பு இருந்த இடத்துல கருப்பா பட்டை விழுந்துடும். கல்யாணத்துக்குள்ள போகாது.”

அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கருப்புப் பட்டை. மாலையும் கழுத்துமாக, கன்னத்தில் தார் பூசிய மாதிரி நிற்கும் சித்தப்பாவை நினைத்துப் பார்த்தேன். சிகிச்சை முடிந்து அவர்கள் கொடுத்த தாளை நானே வாங்கிக்கொண்டேன். பஸ் பாபநாசம் வருவதற்குள் மனப்பாடம். பொருக்கு உதிரும் வரைக்கும் களிம்பு மட்டும். வெயில் கூடாது. சோப்பு கூடாது, சவரம் கூடாது, மஞ்சள், எலுமிச்சை, பற்பசை எதுவும் கூடாது. சொறியவே கூடாது. உதிர்ந்த பிறகு வெயில் தடுக்கும் கிரீம், வெளியே போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம்.

இதைப் படித்துக் காட்டியபோது அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “வெயில் படாம எது வெளங்கும்? நாத்தைக் கொண்டுபோய் ரூமுக்குள்ள வச்சுப் பாரேன்.”

“இது நாத்து இல்லப்பா, தோலு.”

“ரெண்டும் ஒண்ணுதான். புதுசா முளைக்குதுல்ல?”

எதிர்த்துப் பேசினேனே தவிர, அந்த வாதம் எனக்குள் இறங்கிவிட்டது. மதகுத் தாளைப் பார்த்து எழுதிய என் பட்டியலில் தலைப்பு ‘சித்தப்பா முறை’. காலை ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று கட்டங்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்துக்கு அப்பா பொறுப்பு. அப்பா மறந்துவிடுவார் என்று அவர் போனில் அலாரம் வைத்தேன், சேவல் கூவுகிற சத்தம். மறுநாள் அவர் துக்கம் கேட்கப் போன வீட்டில் சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சேவல் கூவியது. பாடைக்குப் பக்கத்தில் நின்றவர் “களிம்பு போடணும்” என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி வந்தாராம். அன்று சாயங்காலமே போனை என்னிடம் கொடுத்து, “இந்தக் கோழியை முதல்ல அடிச்சுப் போடு” என்றார்.

அம்மா மட்டும் பக்கத்தில் வர மாட்டாள். அடுப்படியிலிருந்தே கேட்பாள், “இன்னைக்கு எப்படிடீ இருக்கு?”

“பொருக்கு காபிக் கலர்ல இருக்கும்மா. நீயே வந்து பாரேன்.”

“பால் பொங்கிடும்.”

காலையிலும் பால் பொங்கும், மத்தியானமும் பால் பொங்கும், ராத்திரி ரசம் வைக்கும்போதும் பால் பொங்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு பால் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அறுப்பு மிஷின் நாங்கள் கேட்டபோதெல்லாம் வராமல், அன்றைக்குக் காலையில் தானாக வந்து நின்றது. விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும். அப்பா கொள்முதல் நிலையத்தில் இடம் பிடிக்கப் போயிருந்தார். மிஷின் கூட நிற்கச் சித்தப்பாவை விட்டால் ஆள் இல்லை. நெல் ஒரு பக்கம், கன்னம் ஒரு பக்கம்.

“குடை பிடிச்சுக்கிட்டுப் போலாம்” என்று தீர்ப்புச் சொன்னேன். போகும் முன்னால் ஒரு காரியம் செய்தேன். தாளில் ‘மெல்லிய படலமாக’ என்று போட்டிருந்தது. டவுனில் இருக்கிறவர்கள் எழுதியது, அவர்களுக்கு வெயில் பற்றி என்ன தெரியும்? நாற்றங்காலில் தண்ணீர் நிற்க வேண்டும், காயவிடக் கூடாது. அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். டியூபைப் பிதுக்கிச் சித்தப்பாவின் கன்னத்தில் களிம்பைத் தேக்கினேன். “போதும்மா, வழியுது” என்றார். “வழியட்டும், நின்னு ஊறும்” என்றேன்.

நான் நாலடி, அவர் ஆறடி. குடையை நான் பிடித்தால் கம்பி அவர் தலையில் குத்தியது. கடைசியில் குடையை அவர் பிடித்துக்கொண்டார், நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். களத்தில் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன தம்பி, மாப்பிள்ளை அழைப்பு இப்பவே கிளம்பிடுச்சா? பந்தல்கூட கையிலேயே வருது!”

“டாக்டர் சொல்லியிருக்காங்கக்கா.”

“யாரு, இந்த டாக்டரா?” என்று என்னைக் காட்டினார். நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

மிஷின் முதல் சுற்று போய்த் திரும்பியது. காற்றும் கூடவே திரும்பியது. பதரும் தூசியும் வைக்கோல் துணுக்குமாக ஒரு மேகம் எழுந்து நேராக எங்கள் மேல் வந்தது. குடை வெயிலைத்தான் தடுக்கும். மேகம் கலைந்தபோது சித்தப்பாவின் வலது கன்னம் சும்மா இருந்தது. இடது கன்னத்தில் ஒரு சின்ன வைக்கோற்போர். என் களிம்பு ஒன்றையும் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

வைக்கோல் சுணை தோலில் அரிக்க ஆரம்பித்தது. சித்தப்பாவின் கை மேலே போனது.

“சொறியாதீங்க!” என்று கத்திக்கொண்டு அந்தக் கையில் தொங்கினேன். இன்னொரு கை போனது. “அக்கா, பிடிங்க!” தார்ப்பாயை விட்டுவிட்டு அந்த அக்கா ஓடிவந்து இன்னொரு கையைப் பிடித்தார். மிஷின்காரர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அவர் சேலம் பக்கம். இந்த ஊரில் மாப்பிள்ளைகளை இப்படித்தான் பிடித்து வைத்திருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

இருவருமாக அவரை வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தோம். தாளில் இருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். டாக்டரம்மா பதறவில்லை. தேய்க்கக் கூடாது, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும், வருவது வரட்டும், ஒட்டியிருப்பதை நோண்டக் கூடாது என்றார். பிறகு கேட்டார், “ஆமா, களிம்பு எவ்வளவு போட்டே?”

“ஒரு அங்குலம் நிக்கிற மாதிரி, டாக்டர்.”

“என்னது?”

“நாத்தங்காலுக்கு அப்படித்தான்...”

அந்தப் பக்கம் சிரிப்பு. “கண்ணு, அது கன்னம். லேசா பளபளன்னு தெரிஞ்சா போதும். நீ தேக்கினா ஊர்த் தூசியெல்லாம் அங்கதான் குடியிருக்கும்.”

தண்ணீர்ச் சொம்போடு அம்மா வந்தாள். அன்றைக்குப் பால் எதுவும் பொங்கவில்லை. சித்தப்பா தலையைச் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார். அம்மா ஊற்றினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊற்றினாள். முதல் சொம்பு காதுக்குள், இரண்டாவது சட்டைக்குள்.

“அண்ணி, கன்னம் இங்க இருக்கு” என்று சொல்லிவிட்டு, சித்தப்பாவே தண்ணீர் விழும் இடத்துக்குக் கன்னத்தை நகர்த்தினார். அம்மா அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் திட்டுவார் என்ற பயம் என்று நினைத்து, “திட்டல்லம்மா, சிரிச்சாங்க” என்று தைரியம் சொன்னேன்.

பொருக்கு அதுவாகவே உதிர்ந்தது. அடியில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல். பிறகு கல்யாணம் வரைக்கும் கிரீமும் குடையுமாகவே நடமாடினார். அந்தக் கிரீம் பூசினால் முகம் சாம்பல் பூத்து, கோலமாவு டப்பா கவிழ்ந்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் தோழிகள் இரண்டு காளைகளையும் மறந்து, “உங்க சித்தப்பாவுக்கு என்னடீ ஆச்சு?” என்றார்கள்.

நலங்கன்று மறுபடியும் என் ராஜ்யம். மஞ்சளும் சந்தனமும் குழைத்த கிண்ணத்தோடு பெண்கள் வரிசையாக வர, நான் தாளைப் பிரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். நலங்கில் மஞ்சள் வைக்காமல் எப்படி என்று அவர்கள், தாளில் இருக்கிறது என்று நான். வலது கன்னத்தில் மட்டும் வைப்பது என்று பஞ்சாயத்து முடிந்தது. முதலில் அண்ணிதான் வைக்க வேண்டும். அம்மா வைத்தாள். ஆல்பத்தில் இன்றைக்கும் பார்க்கலாம், சித்தப்பா பாதி மஞ்சள், பாதி மாநிறம். கருப்புப் பட்டை மட்டும் விழவில்லை. தழும்பு மேடு அடங்கி ஒரு நூல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

டாக்டரம்மா இன்னும் இரண்டு தடவை வரச் சொன்னார். சித்தப்பா போகவே இல்லை. “போதும்மா” என்று முடித்துவிட்டார். முழுசாக அழிக்காமல் விட்டதில் எனக்குத்தான் ரொம்ப நாள் மனத்தாங்கல். என் களிம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டாரோ?

எட்டு வருஷம் கழித்து, போன மாதம் சித்தியின் வீட்டில் பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்தேன். சித்தப்பா இப்போது நாலு தெரு தள்ளித் தனி வீடு. சித்தி அரிவாள்மனையை எடுத்துப் போட்டாள்.

“எங்க வீட்டுல இதெல்லாம் கிடையாது சித்தி. சின்ன வயசுலேருந்தே கத்தியும் பலகையும்தான். தெருவிலேயே நாங்கதான் மாடர்ன்” என்றேன்.

சித்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “மாடர்னா? உனக்கு இன்னும் யாரும் சொல்லலையா?”

அப்புறம் வாயை மூடிக்கொள்ளப் பார்த்தாள், நான் விடவில்லை. எனக்கு இரண்டு வயது. அம்மா பூசணி நறுக்கிக்கொண்டிருந்தவள் யாரோ கூப்பிட்டார்கள் என்று அரிவாள்மனையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போயிருக்கிறாள். நான் அதை நோக்கி ஓடியிருக்கிறேன். சித்தப்பா குறுக்கே பாய்ந்து என்னைத் தூக்கி வீசிவிட்டு, தான் அதன் மேலேயே விழுந்திருக்கிறார். காளை, ஒன்றோ இரண்டோ, எதுவும் கிடையாது.

“கல்யாணமான முதல் வாரமே சொல்லிட்டாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு. எட்டு வருஷம் தாங்கினேனே, அதுவே பெரிசு” என்றாள் சித்தி. “அவருக்கு அந்தத் தழும்பால ஒண்ணும் இல்ல. அண்ணி பார்க்க முடியாம தவிக்கிறாங்களேன்னுதான் லேசருக்கே போனாரு.”

“அப்ப ஏன் பாதியில விட்டாரு?”

“அன்னைக்குத் தண்ணி ஊத்தினப்ப அண்ணி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டதைப் பார்த்தாராம். தழும்பு போனாலும் இவங்களுக்குப் போகாது போலிருக்கேன்னாரு.”

பூசணிக்காய் பாதியில் நின்றது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மூக்கு உரசும் தூரத்தில் அந்தக் கன்னத்தைப் பார்த்தவள் நான். அதன் ஒவ்வொரு பொருக்கும் எனக்குத் தெரியும். தெரியாதது, அந்தத் தழும்பு யாருக்கு விழ வேண்டியது என்பது ஒன்றுதான். இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. இலை போட்டால் அம்மா எல்லோருக்கும் எதிரே நின்று பரிமாறுவாள். சித்தப்பாவுக்கு மட்டும் எப்போதும் வலப்பக்கமாக வந்துதான் குனிவாள். இன்றைக்கும் அப்படித்தான்.

பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள். வழக்கம்போலச் சித்தப்பா குடும்பம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பந்தியில் அவருக்கு வலப்பக்கம், ஒரு ஆள் நுழைய இடமில்லாமல் ஒட்டி நான் உட்காரப் போகிறேன். முட்டியை நன்றாக விரித்துக்கொண்டு உட்கார்வதாகத் திட்டம். அம்மா சாம்பார் வாளியோடு வருவாள், நகரச் சொல்லுவாள், திட்டுவாள், கரண்டியால்கூட ஒன்று வைப்பாள். நகரப் போவதில்லை. அவள் இடப்பக்கமாகத்தான் வந்தாக வேண்டும். பால் பொங்கிவிடும் என்று உள்ளே ஓடினால், அதற்கும் ஆள் போட்டிருக்கிறேன். அன்று பால் சித்தியின் பொறுப்பு.