செத்தவர் வேலை தேடிய மாதம்

என் மனுசன் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் பதினொரு வருசம் நின்றவர். கடையை மூடியதும் சோமாஜுக்கு வந்தார். வேலை போனவருக்கு மாதாமாதம் கிடைக்கிற காசை இங்கே அப்படித்தான் சொல்வோம். அது வருவதற்கு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஃபோனில் ஒரு கேள்விக்குப் பதில் போட வேண்டும்: இன்னும் வேலை தேடுகிறீர்களா? அவருக்குப் பிரெஞ்சும் ஒத்துவராது, ஃபோனும் ஒத்துவராது. நான்தான் பொத்தானை அமத்துவேன். அவர் பக்கத்தில் தேத்தண்ணியோடு இருந்து, "ஓம் எண்டு போடப்பா. என்ன, சனாதிபதி வேலையே தேடுறன்?" என்பார்.

ஒருநாள் காலை குளியலறையில் விழுந்தார். ஆம்புலன்ஸ் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் ஆட்களுக்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்யும்வரை செத்தவர் வீட்டைவிட்டுப் போவதில்லை. நாங்கள் இருந்த சார்செல் வீட்டில் அவருடைய படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. காலையில் அவருடைய கோப்பையில் தேத்தண்ணி வைத்தேன். குளியலறைப் பக்கம் சத்தம் கேட்டால் நெஞ்சு திக்கென்னும். பயத்தில் இல்லை, சத்தியமாகச் சந்தோசத்தில். பத்தொன்பதாம் நாள் ஃபோனில் அந்தக் கேள்வி வந்தது. அவர் பக்கத்தில் இருந்தார். ஓம் என்று அமத்தினேன்.

சோமாஜ் எடுத்துக்கொண்டிருந்தவர் செத்தால் மனைவி பிள்ளைகளுக்கு ஒரு தொகை உண்டென்பது அந்தியேட்டிக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு மாத வாடகை பாக்கி. அந்தக் காசு இல்லாவிட்டால் வீடு இல்லை. லாச்சப்பலில் பத்திரம் நிரப்பிக் கொடுக்கிற அண்ணையிடம் போனேன். திகதிகளைப் பார்த்தவர் தலையில் கை வைத்தார்.

"தங்கச்சி, விசரே உங்களுக்கு? செத்துப் பத்தொன்பதாம் நாள் மனுசன் வேலை தேடுறாரோ? களவு எண்டு நினைச்சாங்கள் எண்டால் பிள்ளையளுக்கு ஒரு சதமும் வராது."

"அவர் வீட்டிலை நிண்டவர், அண்ணை."

"ஐயோ, உந்தக் கதையை அங்கை சொல்லிப்போடாதேங்கோ! மூத்தவள் தெரியாமல் அமத்திப்போட்டாள் எண்டு சொல்லுவம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தேப்பனைப் பறிகுடுத்த பிள்ளையின்ரை தலையிலை இந்தப் பழியையும் கட்டவோ? அமத்தினது நான். நானே சொல்லுறன்."

சோமாஜ் அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண். என்னைவிட இளையவள். நான் சொல்லச் சொல்ல அண்ணை பிரெஞ்சில் சொன்னார். கணவர் இறந்தது தெரிந்துமா அமத்தினீர்கள் என்று கேட்டாள். ஓம், தெரியும் என்றேன். அவள் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினாள். தெரிந்து செய்ததென்றால் விசாரணைக்குப் போகும், பிள்ளைகளின் காசும் நிற்கும். தவறுதலாக நடந்தது என்று எழுதித் தந்தால், அவர் செத்த பிறகு அதிகமாக வந்ததைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தரலாம் என்றாள். நல்லவள்தான். அவளில் எனக்குக் கோபம் இல்லை.

அவர் இல்லாத வீட்டில் நான் தவறுதலாக அமத்திவிட்டேன் என்று அண்ணை எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன்.

"தப்பீட்டியள் தங்கச்சி," என்றார் வெளியில் வந்து. எனக்கு அந்தத் தெருவிலேயே குந்தியிருந்து குழறி அழ வேணும்போல் இருந்தது.

காசு வந்தது. வாடகை கட்டினேன். நான் ஒரு தவறும் செய்யவில்லை. அவர் வீட்டில் இருந்தார். இல்லை என்று கையெழுத்து வைத்துத்தான் அவருடைய பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன்.