கண்ணில் இருந்தது குடலின் சேதி

போன வருடம் மழை பிடித்திருந்த நேரம். மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். எழுத்து மங்கலாகத் தெரிகிறதே என்று, மனைவியையும் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தெருக் கண் டாக்டரிடம் போனேன். கண்ணாடியை மாற்றினால் தீர்ந்தது என்றுதான் நினைப்பு.

சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து டாக்டரம்மா உள்ளே திரும்பத் திரும்பப் பார்த்தார். வலது கண், இடது கண், மறுபடியும் வலது கண். பிறகு மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "ரெண்டு கண்ணுக்குள்ளயும் கறுத்த புள்ளி கொறே உண்டு, நெறைய. பார்வைக்குக் கேடில்லை. ஆனா வீட்டுல ஆருக்காவது குடல்ல புற்று வந்திருக்கா?"

கண்ணைக் காட்ட வந்தவனிடம் குடலைப் பற்றி என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல். இல்லை, அப்பா மஞ்சள் காமாலையில் போனார் என்றேன். நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்தவரைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். டாக்டர் விடவில்லை. சில குடும்பங்களில் இப்படிப் புள்ளிகள் பிறவியிலேயே இருக்கும், அவர்களுக்குக் குடலில் கட்டிகள் முளைக்கும், கவனிக்காவிட்டால் புற்றாகிவிடும், வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள் என்றார்.

பள்ளுருத்தியில் இருக்கும், அப்பாவுடன் பிறந்த அத்தைக்குப் போன் போடலாமென்றால், மருந்து விட்ட கண்ணுக்கு எண்களே தெரியவில்லை. மனைவிதான் போட்டாள். தானும் கேட்கவேண்டுமே என்று ஸ்பீக்கரையும் அமுக்கிவிட்டாள். வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு நிறைய ஆட்கள்.

அப்பாவுக்கு என்ன நோய் என்று கேட்டதும் அத்தை, "பக்கத்துல ஆரும் இல்லையே?" என்றாள். இல்லை என்று சொல்லிவைத்தேன். பெஞ்சு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது.

"உங்கப்பாவுக்குக் குடல்ல புற்று மோனே. தாத்தாவுக்கும் அதுதான். வெளியே தெரிஞ்சா நம்ம பொண்ணுகளை ஆரு கட்டுவான்னு காமாலைன்னு சொல்லிட்டோம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அந்தச் சோற்றைத்தான் நான் இத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறேன். மனைவி போனை வைத்துவிட்டு, "அப்போ நம்ம பொண்ணு?" என்றாள். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே எண்ண முடியாத கட்டிகள். சதைப் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, எதுவும் இன்னும் புற்றாகவில்லை. பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். தலைக்கு வந்தது குடலோடு போயிற்று என்று இப்போது நானே கிண்டல் செய்கிறேன்.

மகளுக்குப் பத்து வயது. ரத்தப் பரிசோதனையில் அவளுக்கும் அந்தப் பரம்பரைக் கோளாறு இருப்பது தெரிந்தது. இனி தவறாமல் அவளுக்கும் குடலைப் பார்த்துவர வேண்டும். அன்று நான் அழுததுபோல் என்றும் அழுததில்லை. இதையாவது வெளியே சொல்லாதே என்று அத்தை கெஞ்சுகிறாள். நான் கேட்கப்போவதில்லை. மறைத்துக் கட்டிக்கொடுத்தால் பரிசோதனைக்கு அவள் எப்படிப் போவாள்? நாளைக்கு இவளைக் கட்டிக்கொள்ள வருகிறவனிடம் முதல் பேச்சே இதுதான். கேட்டுவிட்டு அவன் எழுந்து போனாலும் போகட்டும், என் மகள் உயிரோடு இருப்பாள்.