தொடாத பாலிசி

ஊர்க் கடைத்தெருவில் காலையில் எழும் சத்தத்தில் பாதி ஷட்டர்காரருடையது. தகட்டை மடித்து ஒன்றோடொன்று கோத்து, மேலே குழாயில் ஸ்பிரிங்கை முறுக்கி ஏற்றிவிட்டாரென்றால், எட்டடி ஷட்டரை ஒற்றை விரலால் தூக்கலாம். மற்றவர்கள் போட்டதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். சந்தேகப்படுகிறவர்கள் போய்த் தூக்கிப் பார்க்கட்டும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆள். அடுத்தவன் பட்டறையில் கிரீஸ் தடவி, வெல்டிங் பிடித்து, கடைசியில் தனக்கென்று ஒரு பட்டறை போட்டார். அதன் தலையிலேயே வீடும் கட்டினார். கைதூக்கி விட்டவர் என்று ஒருவரும் கிடையாது. ‘நான்தான் தூக்கிவிட்டேன்’ என்று பின்னால் சொல்லிக்கொண்டு வந்த இரண்டு பேரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இவ்வளவு இருந்தும், அவர் மார்தட்டிக்கொண்டது பட்டறையைப் பற்றியல்ல. மருத்துவக் காப்பீட்டைப் பற்றித்தான்.

“பதினாலு வருஷம் ஆச்சு. ஒரு தடவை? ஒரே ஒரு தடவை அதுல கை வெச்சிருப்பேனா?”

ஷட்டருக்கு அளவு கொடுக்க வந்தவர், பெயின்ட் விற்க வந்தவர், யாராயிருந்தாலும் இதைக் கேட்காமல் போக முடியாது. கேட்டுப் பணம் வாங்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் கம்பெனி காப்புத் தொகையைக் கொஞ்சம் ஏற்றிக்கொடுக்கும், கேட்டுவிட்டால் இறங்கிவிடும். ஏறிக்கொண்டே போன அந்தத் தொகையைப் பள்ளிக்கூடம் கொடுக்காத மார்க்காக அவர் வைத்துக்கொண்டார். ஒருமுறை விஷக்காய்ச்சலில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, காப்பீட்டுக் கார்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு கைக்காசைக் கொடுத்துவிட்டு வந்தார்.

“அண்ணே, அந்தக் கம்பெனிக்காரன் உங்களுக்குச் சிலை வைக்கணும்ணே. காசும் கட்டி, வைத்தியமும் நீங்களே பாத்துக்கறீங்க” என்பார் எதிர்க்கடை டீக்காரர்.

“வைக்கட்டும்யா. சிலைக்குக் கம்பி வேலி நான்தான் போடுவேன். அதுக்கு மட்டும் காசு வாங்கிடுவேன்.”

பதினைந்தாம் வருஷத்துக்குப் புதுப்பிக்க பாலிசிக்கார அம்மாள் காகிதங்களோடு வந்தார். கையெழுத்தெல்லாம் வாங்கிய பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

“ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. வருஷா வருஷம் உங்களுக்கும் உங்க வீட்டம்மாவுக்கும் முழு உடம்புப் பரிசோதனை இருக்குன்னு தொண்டத்தண்ணி வத்தச் சொல்றேன். ஒரு தடவையாவது போனீங்களா?”

“போனா பாலிசில கை வெச்ச மாதிரி ஆயிடாதா?”

“ஆகவே ஆகாது. தொகை குறையாது. நீங்க கட்டற பணத்துலயே அதுவும் அடக்கம். போகலைன்னா அந்த வருஷத்தோடது போச்சு. பதினாலு தடவை கோட்டை விட்டிருக்கீங்க.”

ஷட்டர்காரருக்குச் சுருக்கென்றது. தகடு வெட்டினால் விழும் துண்டைக்கூட மூட்டை கட்டி எடைக்குப் போடுகிறவர். காசு கொடுத்து வாங்கிய சரக்கைப் பதினாலு தடவை கல்லாவிலேயே விட்டுவிட்டு வந்தாரென்றால் வெளியில் சொல்ல முடியுமா?

அன்றைக்கே மாடியைப் பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தார். “இந்தாம்மா, நாளைக்குக் காலைல ஒண்ணும் சாப்பிடாதே. ரெண்டு பேரும் டெஸ்டுக்குப் போறோம்.”

“எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க.”

“உனக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கு. சும்மா விடறதா?”

“அடுத்த வாரம் போலாமே. போர்வையெல்லாம் ஊற வெச்சுட்டேன்.”

“போர்வை எங்கயும் ஓடிடாது.”

மறுநாள் போர்வையை வாளியிலேயே விட்டுவிட்டு அவள் கிளம்பினாள்.

பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஓடுகிற பட்டையில் நடக்க விட்டார்கள். ஷட்டர்காரர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். “இன்னும் வேகமா வைம்மா. பாக்கலாம், மிஷின் ஜெயிக்குதா நான் ஜெயிக்கறனான்னு” என்று அங்கிருந்த பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டு இறங்கினார்.

அடுத்து அவர் மனைவி ஏறினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் பட்டென்று இயந்திரத்தை நிறுத்தினாள்.

“அம்மா, நெஞ்சு வலிக்குதா?”

“இல்லம்மா.”

“அப்புறம் ஏன் கையால அழுத்திப் பிடிச்சிருக்கீங்க?”

டாக்டர் வந்தார். நாற்காலியில் உட்கார வைத்தார். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை. இயந்திரத்திலிருந்து வந்த தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு, “எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்றார்.

அவள் கணவனைப் பார்த்தாள். “ரெண்டு நாளா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க சொல்றதை நம்பித்தாம்மா நான் வைத்தியம் பாக்கணும்.”

அவள் தலை குனிந்தது. “பத்து மாசமா.”

ஷட்டர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. துவைத்த துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பாதிப் படியில் நிற்பதை எத்தனை நாள் பார்த்திருக்கிறார். ‘காத்து வாங்கறேன்’ என்பாள். ‘காத்து வாங்க வேற இடம் கிடைக்கலியா, வழிய விடு’ என்று ஒதுக்கிவிட்டு அவர் பாட்டுக்கு ஏறிப் போயிருக்கிறார்.

“ஏம்மா சொல்லல?”

“சொன்னா ஆஸ்பத்திரிம்பீங்க. ஆஸ்பத்திரின்னா பாலிசியத் தொடணும். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் தொடல, தொடலன்னு எவ்வளவு சந்தோஷமா சொல்லிக்கறீங்க. என்னால அது கெட்டுச்சுன்னு வர வேண்டாம்னு பாத்தேன்.”

முறுக்கிய ஸ்பிரிங் ஒருமுறை தெறித்து அவர் காதோரம் பறந்திருக்கிறது. அப்போதும் நின்ற இடத்தைவிட்டு அசையாதவர். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று அடைத்திருந்தன. அந்த வாரமே நெஞ்சைத் திறந்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் உத்தரவாதம் இல்லை என்றார் பெரிய டாக்டர். பாலிசிக்கார அம்மாள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். காப்பீட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஷட்டர்காரர் காகிதக்கட்டை அவர் கையில் கொடுத்தார்.

“படிச்சுச் சொல்லுங்கம்மா. ஒரு வரி விடாம. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சா சாயங்காலம் ஆயிடும்.”

இப்படி அவர் எவரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மாள் படிக்கப் படிக்க, புரியாத இடத்திலெல்லாம் கை காட்டி நிறுத்தினார். சேர்வதற்கு முன் எடுத்த பரிசோதனை ரசீதுகளையும் கொடுக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு இரண்டு மாதத்து மருந்துக்கும் உண்டு. மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வருகிறவருக்கும் உண்டு. ஒவ்வொரு சீட்டையும் தனித்தனி உறையில் போட்டு மேலே எண் எழுதிக்கொண்டார்.

“அறை எதுங்கய்யா? தனி அறைக்கு இதுல இடம் இருக்கு. பொது வார்டும் இருக்கு” என்று படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார் அந்த அம்மாள்.

“தனி அறை. ராத்திரி நானும் கூட இருக்கணும்.”

“எத்தனை நாளா நோவுன்னு கேட்டிருக்காங்க.”

“பத்து மாசம்னே எழுதுங்க. மறைச்சதெல்லாம் போதும்.”

கம்பெனியிலிருந்து சம்மதம் வந்துவிட்டது. அறுவைசிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. நடுவில் ஒரு கடைக்காரர் ஃபோனில், ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். “தெரியலைங்க” என்றார் ஷட்டர்காரர். வேலைக்கு நாள் சொல்ல முடியாமல் அவர் ஃபோனை வைத்தது அதுதான் முதல் தடவை.

நான்காம் நாள் அவளைத் தனி அறைக்குக் கொண்டுவந்தார்கள். உதடு உலர்ந்து, முகம் சுருங்கி, ஒரு கைப்பிடி ஆளாக இருந்தாள். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினார்.

“பாலிசில கை வெச்சுட்டீங்களா?” என்றாள் மெதுவாக.

“ரெண்டு கையும் வெச்சுட்டேன்.”

அவள் சிரிக்கப் போய், முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது.

“வலிக்குதா?”

“இல்ல…”

அவர் பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிய அவள் கண் மறுபடி அவரிடம் வந்தது.

“வலிக்குதுங்க. இந்தப் பக்கம். மூச்சு இழுத்தா ரொம்ப வலிக்குது.”

ஷட்டர்காரர் எழுந்து தலைமாட்டில் இருந்த மணியை அழுத்தினார். நர்ஸ் வந்து, “என்னங்கய்யா, என்ன பண்ணுது அவங்களுக்கு?” என்று அவரிடம் கேட்டாள்.

“என்னைக் கேக்காதம்மா” என்று அவர் கட்டிலைவிட்டு விலகி நின்றார். “அவங்களே சொல்லுவாங்க. கேளு.”