செவேரா அக்காவும் பெர்லீட்டா ஜோடியும்

உண்டிவில்லில் கல்லைப் பூட்டிய பிறகுதான் செவேரா அக்கா காப்பியை வாயில் வைப்பாள். வாசலில் சாய்ந்து, வலக்கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாட்டுப்பட்டியையே பார்த்திருப்பாள். வேலிக்கம்பில் கறுப்பாக ஏதாவது வந்து உட்கார்ந்தால் போதும், கல் பறக்கும். இதுவரை எதுவும் செத்ததில்லை. "சாகணும்னு அடிக்கல தம்பி. ஓடணும்னு அடிக்கிறேன்."

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் அந்த வறண்ட காட்டுப் பண்ணைகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன் நான். தொட்டி நிறையும்வரை அவள் பேச்சுதான் துணை. ஆள் குள்ளம். தலையில் கணவரின் பழைய தொப்பி. சமையலறையில் தோர்த்தியா ரொட்டி தட்டும்போதும் ஒரு காது வெளியேதான் இருக்கும்.

அவளுடைய பகையாளி தோர்தோ. மாட்டின் காலடியில் பூச்சி பொறுக்கும் கறுப்புப் பறவை. கூடு கட்டாது, அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டுவிட்டுக் கிளம்பிவிடும். பட்டியை ஒட்டிய முள்மரத்திலோ ஒரு பெர்லீட்டா ஜோடி கூடு கட்டியிருந்தது. கட்டைவிரல் பருமனில் சாம்பல் குருவி, கறுப்பு வால். சிலந்தி நூலால் பின்னிய கூடு ஒரு குழிக்கரண்டிதான் இருக்கும். பாம்பு வந்தாலும் அந்தக் குருவி கிளையில் நின்று திட்டித் தீர்க்கும்.

"தின்னக்கூட உதவாத குருவிக்கு இத்தனை கூத்து" என்பார் கணவர் நாபோர்.

"உன்னையும்தான் தின்ன முடியாது. வச்சுக் காப்பாத்தலையா?"

மே மாதத்தில் பல் பிடுங்க ஒருநாள் நகரத்துக்குப் போனாள். வந்து பார்த்தால் கூட்டில் ஒரு பெரிய முட்டை, தோர்தோ இட்டது. அடுத்து நான் போனபோது அந்த ஜோடியே தன் கூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது. நார் நாராக அலகில் கொண்டுபோய் அடுத்த புதரில் மறுபடி கட்டியது. அதுவும் பட்டிக்குப் பக்கத்தில்தான். கன்னம் வீங்கிய அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"மாடு இருக்கிற இடத்துக்குத்தான் தோர்தோ வருது. பட்டியத் தூக்கி ஓடைக்கு அந்தப் பக்கம் போடணும்."

"எங்கப்பா நட்ட கம்பு" என்றார் நாபோர். "தோர்தோவுக்கு றெக்கை இருக்கு செவேரா. அங்கேருந்தும் வரும்."

"வரட்டும். கொஞ்சம் கஷ்டப்பட்டு வரட்டும்."

"குருவி சொல்லி மாடு இடம் மாறுமா?"

"குருவி சொல்லல. நான் சொல்றேன்."

கடப்பாரையை எடுத்துவந்து பட்டிக் கம்பின் அடியில் குத்தத் தொடங்கினாள். மண் கல்லாகக் கிடந்தது. நான் உதவப் போனேன். "நீ தண்ணியப் பாரு தம்பி" என்று தள்ளிவிட்டாள். வியர்வை சொட்டச் சொட்ட முதல் கம்பைப் பிடுங்கினாள். சீமைக் கருவேலக் கம்பு, அவளைவிட உயரம். ஒரு முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடையை நோக்கி இழுத்தாள். மறுமுனை மணலைக் கீறிக்கொண்டு போனது.

நாபோர் காப்பியைக் குடித்து முடித்தார். கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துபோய், குனிந்து, அந்த மறுமுனையைத் தூக்கித் தன் தோளில் வைத்தார்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் எட்டிப் போட்டாள்.