யானைக் குளத்துப் பங்களாவும் ஐயா கேட்காமல் விட்ட கேள்வியும்

1. மூன்று இடங்கள்

"நஸீர், இனி நீ கார் மட்டும் ஓட்ட வேணாம். இடமும் பாரு" என்று ஹாஜியார் சொன்ன அன்று, மாத்தளைக் கடைத்தெருவில் எனக்குத் தரையில் கால் படவில்லை.

ஹாஜியார் வாடகைக் கார் ஆபீஸ், எங்கள் பேச்சில் கந்தோர், வைத்திருந்தார். நான் அவருடைய டிரைவர்களில் ஒருவன். கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில் பயணம் என்று ஓடிக்கொண்டிருந்தோம். சபாரி என்ற சொல்லை அதுவரை தோட்டத்துத் துரைமார் வாயில்தான் கேட்டிருந்தோம். அறுபதுகளில் நம் ஆட்களும் பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யானை பார்க்கப் போகத் தொடங்கினார்கள். போனால் மட்டும் போதாது, ஒரு இரவாவது தங்க வேண்டும். எங்கே தங்குவது என்று வாடிக்கையாளர் கேட்டால் சொல்ல எங்களிடம் ஆள் இல்லை. அந்த ஆளாகத்தான் ஹாஜியார் என்னைப் பிடித்தார்.

முதல் பொறுப்பு சண்முகம் ஐயா குடும்பம். ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர். மகன் பாபுவுக்குப் பத்து வயது, மகள் ராணிக்கு ஏழு. ராணி நெருப்புக் காய்ச்சலில் மூன்று மாதம் கட்டிலோடு கிடந்த பிள்ளை. "நீ எழும்பி நடந்தா காட்டு யானை காட்டுறேன்" என்று தாய் வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளை எழும்பி நடந்துவிட்டது. ஓகஸ்ட் லீவு முடிவதற்குள் யானை காட்டியாக வேண்டும்.

"பிள்ளைகளோட போற பயணம்" என்றார் ஹாஜியார். "நல்ல எடமா ஒண்ணு பாரு. சரியாச் செஞ்சியென்டா இந்த வேலை ஒனக்குத்தான். பிழை விட்டியென்டா திரும்பவும் ஸ்டியரிங்தான்."

ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முதலில் பார்த்தது கலேவெலப் பக்கம் ஒரு ரெஸ்ட் ஹவுஸ். வெள்ளைப் படுக்கை விரிப்பு, குளியலறையெல்லாம் அறைக்குள்ளேயே. ஆனால் முன்னால் பஸ் ரோடு, பின்னால் மிளகாய்த் தோட்டம். யானை பார்க்க ஜீப் பிடித்து ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். பிடிக்கவில்லை. அடுத்தது வில்கமுவவுக்குப் போகிற வழியில் ஒரு வயல்காரரின் வீடு. மனுசர் தங்கமானவர், சோறு போட்டே என்னை மடக்கப் பார்த்தார். ஆனால் கூரையில் பாம்புச் சட்டை தொங்கியது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவதுதான் குளத்துப் பங்களா. அரசாங்கக் கந்தோர் ஒன்றின் ஆட்கள் சுற்றுக்கு வரும்போது தங்குவதற்காகக் கட்டிய சர்க்கிட் பங்களா. பர்மிட் எடுத்தால் வெளியாட்களும் தங்கலாம். காரை நிறுத்தி விறாந்தையில் ஏறியதும் வாயடைத்துப்போனேன். எதிரே குளம், குளத்துக்கு அப்பால் காடு. காடும் தண்ணீரும் சேருமிடத்தில் ஆறு யானைகள் நின்றன. சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கீப்பர் பண்டா தேநீர் கொண்டுவந்து தருகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கொப்பியில் எழுதினேன். யானை: விறாந்தையிலிருந்தே. கட்டில்: நாலு. கட்டிலுக்கு மேல் நுளம்பு வலை: உண்டு. கிணறு: உண்டு. கக்கூசு: உண்டு.

அந்தக் கடைசி வரியைப் பார்த்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. உண்டு என்று எழுதினேனே தவிர, எங்கே உண்டு என்று எழுதவில்லை. அது பங்களாவுக்குப் பின்னால், வேலியை ஒட்டி, நாற்பது எட்டு எடுத்துவைக்கும் தூரத்தில் இருந்தது. கிணறு அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். தனியாக வந்த வாலிபனுக்கு நாற்பது எட்டு ஒரு தூரமா?

2. ஐயாவின் கையிலிருந்த தாள்

சண்முகம் ஐயா மூன்று நாள் கந்தோருக்கு வந்தார். ஒவ்வொரு நாளும் அவருடைய மனைவி, நாங்கள் அம்மா என்று சொல்பவர், எதிர்ப்பக்கம் நின்ற தோட்டத்துக் காரிலேயே இருந்தார். எங்கள் கந்தோரில் நீளமான வாங்கு ஒன்றுதான் கிடக்கும். அதில் எந்நேரமும் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார்கள். பெண்கள் உள்ளே வருவதில்லை. பிறத்தியாருடைய மனைவியிடம் காரருகே போய்ப் பேசுவது மரியாதைக் குறைவு என்றுதான் நாங்கள் வளர்ந்திருந்தோம். அதனால் எல்லாப் பேச்சும் ஐயாவோடுதான் நடந்தது.

மூன்றாம் நாள் ஐயா ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நுளம்பு வலை இருக்கா தம்பி?"

"இருக்கு ஐயா."

"பிள்ளைகளுக்குக் கஞ்சி வச்சுத் தருவாங்களா?"

"கீப்பர் வச்சுத் தருவார்."

"யானை கட்டாயம் வருமா?"

"வராட்டி என் பேர மாத்திக்கிறேன் ஐயா."

ஐயா சிரித்தார். பிறகு தாளை மறுபடி பார்த்தார். வாங்கில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"வேற ஏதும் இருக்கா ஐயா?"

"வேற ஒண்ணுமில்ல தம்பி. புக் பண்ணுங்க."

நான் துள்ளிக்கொண்டு போய் பர்மிட்டுக்கு எழுதினேன்.

3. கதலிக் குலை

புறப்பட்ட நாள் காலை, என் வீட்டுத் தோட்டத்தில் பழுத்திருந்த ஒரு கதலிக் குலையை வெட்டி டிக்கியில் ஏற்றினேன். எங்கள் வீடுகளில் விருந்தாளி வந்தால் விறாந்தைக் கூரையின் மர வளையில் ஒரு குலையைத் தொங்கவிடுவோம். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, போகும்போதும் வரும்போதும் பிய்த்துச் சாப்பிடலாம். பிள்ளைகள் வரும் பங்களாவில் அப்படி ஒரு குலை தொங்கினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, முழுக்க முழுக்க என் மூளைதான்.

நாவுலயில் திரும்பியதிலிருந்து பாபு கேள்வி கேட்டே என்னைத் துளைத்துவிட்டான். ராணி பேசவில்லை. யன்னலில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு வந்தாள். நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பண்டா விறகுக்குப் போயிருந்தார். நானே கதவைத் திறந்து, சாமான்களை இறக்கி, குலையை விறாந்தை வளையில் கட்டினேன். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பழம் பிய்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்து மணிக்கு யானைகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு எண்ண முடியவில்லை. நடுவில் ஒரு குட்டி. அது தண்ணீருக்குள் இறங்கப் பயந்து தாயின் காலுக்குள் புகுந்து புகுந்து ஓடியது. ஐயா ராணியைத் தோளில் ஏற்றினார். பிள்ளை தகப்பனின் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது என்னைவிடச் சந்தோசமான மனுசன் மாத்தளை மாவட்டத்திலேயே இருந்திருக்க மாட்டான்.

கொஞ்ச நேரத்தில் ராணி தாயின் காதில் ஏதோ சொன்னாள். காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு வயிறு இன்னும் சரியாகியிருக்கவில்லை. அம்மா அவளைப் பின்பக்கம் கூட்டிப் போனார். உள்ளே விட்டபிறகுதான் வாளியில் தண்ணீர் இல்லை என்று தெரிந்திருக்கிறது. "இரு கண்ணு, தண்ணி எடுத்தாறேன்" என்று வாளியோடு சமையல் குசினிக்கு வந்தார்.

அந்த நேரத்தில் வேலி முறிகிற சத்தம் கேட்டது.

எல்லோரும் பின்பக்கம் ஓடினோம். தனி யானை ஒன்று. குளத்து யானைகளோடு சேராத கொம்பன். கக்கூசுக்கும் குசினிக்கும் நடுவில், வெட்டவெளியில் நின்றது. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றைத் துழாவியது. பிறகு கக்கூசின் தகரக் கூரையைத் தடவிப் பார்த்தது. தகரம் கடகடவென்றது.

அம்மா வாளியைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தார். அப்போதுதான் விறகோடு வந்த பண்டா குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்து, அம்மாவிடம் சிங்களமும் தமிழும் கலந்து சொன்னார்.

"எப்பா, நோனா. ஓட வாணாம். ஓடினா அதுவும் ஓடி வரும்."

அம்மா நின்றார். கட்டிலருகே உட்கார்ந்து பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"ராணி, அம்மா இங்கதான் நிக்கிறேன். கதவத் தொறக்காத. ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லு. மனசுக்குள்ள சொல்லு, சத்தம் வேணாம்."

ஐயா குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாபு அவரது வேட்டியைப் பிடித்திருந்தான்.

பண்டா என் பக்கம் திரும்பினார். "மஹத்தயா, என்ன கொண்டு வந்தது? இது சும்மா வராது. ஏதோ வாசம் புடிச்சுத்தான் வந்திருக்கு."

பண்டாவின் விறகுக் கத்தியை வாங்கினேன். முன்பக்கம் ஓடினேன். குலை வளையில் தொங்கியது, பழுத்து, மணத்துக்கொண்டு. நான் கட்டியது. என் கையால் கட்டியது. அந்தக் கத்தியால் கயிற்றை வெட்டினேன். குலையைத் தோளில் போட்டுக்கொண்டு பங்களாவின் வலப்பக்கமாக, யானை பார்க்கும்படி வெளியே போனேன். தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னை நம்பி வந்த பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிறகு உயிரோடு இருந்து என்ன செய்வது என்ற ஒரே எண்ணம்தான் என்னை நடக்க வைத்தது.

ஒரு சீப்பைப் பிய்த்து எறிந்தேன். யானை திரும்பியது. இன்னொரு சீப்பை அதைவிடத் தூரத்தில், குளக்கட்டுப் பக்கமாக எறிந்தேன். அது நடந்து வந்தது. அவசரமே இல்லை அதற்கு, வீட்டுக்காரர் மாதிரி நடந்து வந்தது. மீதிக் குலையை அப்படியே குளக்கட்டின் சரிவில் உருட்டிவிட்டு, காருக்குப் பின்னால் போய்க் குந்தினேன். யானை என்னைக் கடந்து சரிவில் இறங்கி, குலையைக் காலால் மிதித்து, ஆற அமரச் சாப்பிடத் தொடங்கியது.

பண்டா ஓடிப்போய் ராணியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தார். அம்மா அவளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போனபோது பிள்ளை பேசிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சத்தமாய் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை நிறுத்தாமல் பேசியது.

"அம்மா, செவுத்து ஓட்டையில அதோட கண்ணு தெரிஞ்சிச்சு. கண்ணுல மயிர் இருக்கும்மா, நீளமா. அது மூச்சு விட்டா சூடா வருது. நான் ரெண்டாம் வாய்ப்பாடு முடிச்சு மூணாம் வாய்ப்பாடும் சொல்லிட்டேன்."

பாபு பொறாமையில் அழுதுவிட்டான். "எனக்கு ஏன் கக்கூசு வரல்ல" என்று அவன் கேட்டதும், அந்த நிலைமையிலும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அம்மா என்னைப் பார்த்தார். அன்றுவரை அவர் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தம்பி, பழத்த விடுங்க. அன்பாக் கொண்டு வந்தீங்க. ஆனா கக்கூசு உள்ளயா வெளியயான்னு நான் எழுதியே குடுத்தேனே. பிள்ளைக்கு அடிக்கடி போகுது. வெளியன்னு தெரிஞ்சிருந்தா இங்க வந்திருக்கவே மாட்டேனே. ஏன் ஒரு பதில் சொல்லல்ல?"

நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். நாலாக மடித்தபடியே இருந்தது.

"கந்தோர்ல நாலு பேர் இருந்தாங்க" என்றார், தரையைப் பார்த்தபடி. "அதப் போய் எப்படிக் கேக்கிறது?"

4. ஒரு கதிரை

மாத்தளைக்கு வந்ததும் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குலையையும் மறைக்கவில்லை. கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"அந்த அம்மா மூணு நாளும் கார்லயா இருந்தாங்க?"

"ஓம், ஹாஜியார்."

"நீ போய் ஒரு வார்த்தை கேக்கல்ல."

"ஐயாவோட மனிசிக்கிட்ட நான் எப்படிப் போய்ப் பேசுற?"

"நானும் போயிருக்க மாட்டன்" என்றார். "பிள்ளைக்கு வயித்தால போறது யாருக்குத் தெரியும், தாய்க்கா நமக்கா? அந்த நீள வாங்கை எடுத்துப் பின்னால போடு. முன்னால ரெண்டு கதிரை போடு. சாவிய எடு, வேலையப் பாரு."

வாங்கில் இருந்தவர்களுக்குக் கோபம். ஒரு கிழமை, ஏழு நாளும் முணுமுணுத்துவிட்டு, பேப்பர் வாசிக்க எதிரேயிருந்த கடைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த ஓகஸ்டில் அந்தக் கதிரைகளில் ஒன்றில் சண்முகம் ஐயாவின் மனைவி வந்து உட்கார்ந்தார். பதினொரு கேள்வி கேட்டார். ஒன்பதுக்கு எனக்குப் பதில் தெரிந்தது. மீதி இரண்டுக்காக மறுநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ராணி நல்ல உயரமாக வளர்ந்திருந்தாள். தாய் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் மேசையோரமாக வந்து, "மாமா, போன தடவ போன பங்களாவே வேணும். கக்கூசு வெளிய இருக்கே, அது" என்று மெதுவாகக் கேட்டாள். அதற்கு மட்டும் நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். ஒரு இடத்தைப் பார்க்கப் போனால் விறாந்தையில் நிற்காதீர்கள், நேராகப் பின்பக்கம் போங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் காலால் எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். வாளியைத் தூக்கிப் பாருங்கள். வாடிக்கையாளர் நாலு பேர் முன்னால் கேட்கக் கூசுகிற கேள்வி ஒன்று எப்போதும் இருக்கும், அதற்கு அவர் கேட்கும் முன்பே பதில் சொல்லிவிடுங்கள்.

அதன் பிறகு இருபது வருடம் நான் இடம் பார்த்துக் கொடுத்தேன். கதிரையில் யார் வந்து உட்கார்ந்தாலும் என் பேச்சு ஒரே மாதிரித்தான் தொடங்கும்.

"கக்கூசு உள்ளே இருக்கு அம்மா. தண்ணி இருக்கு. நான் கை வச்சே பாத்தேன். இனி யானையப் பத்திப் பேசலாம்."