தராசுக்கையும் வெள்ளைக் கொண்டையும்

கோழி வளர்க்கும் அந்த மனிதரைத் தெருவே 'தராசுக்கை' என்றுதான் கூப்பிடும். கோழியை ஒருமுறை உள்ளங்கையில் ஏந்தினால் போதும், எடையைச் சட்டென்று சொல்லிவிடுவார். சந்தேகப்பட்டுத் தராசில் வைத்துப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனதுதான் மிச்சம். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கூண்டுக்கு வெள்ளையடித்த வாரம், செல்லச் சேவலின் கொண்டையில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. சுண்ணாம்பு என்று நினைத்தார். வேறென்ன நினைப்பார், சொல்லுங்கள்? தோள் துண்டால் தினமும் பதமாகத் துடைத்துவிட்டார். அதே துண்டால் தன் கழுத்து வேர்வையையும் ஒற்றிக்கொண்டார். நாளடைவில் கழுத்தில் வட்டமாகச் சிவந்து, அரிப்பு பிடுங்கி எடுத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். பேத்தியை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆசையாக நீட்டிய கையை மகள் தடுத்துவிட்டாள்.

"கழுத்துல என்னப்பா அது? முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க."

தோல் டாக்டர் சுரண்டி எடுத்துச் சோதித்தார். சுண்ணாம்புக் கதையைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது சுண்ணாம்பு இல்லைங்க, பூஞ்சை. சேவல்கிட்டருந்து உங்களுக்குத் தொத்தியிருக்கு. அரிப்பு நின்னாலும் நாலு வாரம் மருந்த விடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் குழந்தையைத் தூக்கக் கூடாது."

நாலு வாரம்! மகள் ஊர் திரும்புவதும் அது முடிகிற அன்றைக்குத்தான்.

துண்டைக் கொதிக்க வைத்தார். சேவலுக்கும் மருந்து வாங்கித் தனிக் கூண்டில் விட்டார். தானும் பின்கட்டு அறைக்குக் கட்டிலை மாற்றிக்கொண்டார். மதிய வெயிலில் இறகுத் தூசி மெல்ல மிதக்கும். ஜன்னல் வழியே தொட்டில் ஆடுவது தெரியும். கண் சொக்கும்போதெல்லாம் குழந்தை இறகு போல மிதந்து வந்து அவர் கையில் இறங்கும். எடை பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிடும். பாவம், ஏங்கியே போனார் மனிதர்.

இரண்டாம் வாரம் அரிப்பு நின்றது. மகளுக்கே மனசு கேட்கவில்லை.

"ஒரே ஒரு தடவை தூக்குங்கப்பா."

"வேணாம்மா. டாக்டர் சொல்லட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிளம்பும் நாள் காலையில், சுத்தமாக ஆறிவிட்டது என்றார் டாக்டர். ஓட்டமும் நடையுமாக வீடு வந்தார். வாசலில் கார் காத்திருந்தது. சட்டையை மாற்றி, சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்து நின்றார். மகள் குழந்தையை அவர் கைகளில் வைத்தாள்.

"தராசுக்கைதானே, எடை சொல்லுங்க பாப்போம்!"

அவர் வாயைத் திறந்தார். கண்ணீர்தான் முந்திக்கொண்டது.

"தெரியலையேம்மா" என்றார்.