மூச்சு முட்டாத சிறுமி

ஜுமாரிங்கோடு பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். கடலுக்குள் தூண் நட்டு வீடு கட்டி வாழும் கடலோடிகளில் பலரையும் போல, சிறு வயதில் முக்குளிக்கப் பழகியபோதே அவருக்குக் காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. ஆனால் ஒரே மூச்சில் கடலடிக்குப் போய், பாறை இடுக்குகளில் எட்டுக்கைப் பேய்க்கணவாய் தேடி, ஈட்டியில் குத்தியெடுத்து வருவதில் அந்தத் தூண்வீட்டுக் குடியிருப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒருமுறை வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து அவர் வயிற்றில் பசை தடவிப் படம் பிடித்தார்கள். குழாயில் எச்சில் துப்பச் சொன்னார்கள். மண்ணீரல் மற்றவர்களைவிடப் பெரிதாம், அதனால்தான் மூச்சு இவ்வளவு நேரம் தாங்குகிறதாம், பரம்பரையாக வருவதாம்.

"நம்ம வீட்டுல பெருசுன்னு சொல்லிக்க அதாவது இருக்கே!" என்றாள் மனைவி ஹஸ்னா. அதோடு இருவரும் அதை மறந்துபோனார்கள்.

பல வருஷம் கழித்து ஹார்யோ என்ற பணக்காரர் சுரபாயா நகரத்திலிருந்து தன் மகள் நதீனைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பத்து வயதுப் பெண். வந்ததும் வராததுமாகக் கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பெரியவரே, உங்க உடம்புல இருக்கிறது இவ உடம்புலயும் இருக்கு!" என்று கத்தினார் ஹார்யோ.

"சுரபாயாவுக்கு நீ எப்பய்யா போன?" என்று ஹஸ்னா கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

ஹார்யோ சிரித்துவிட்டு விளக்கினார். கருவில் வைப்பதற்கு முன்பே, வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில், இந்தக் கடலோடிகளின் மூச்சை அவள் மரபணுவுக்குள் எழுதிவிட்டார்களாம். "இன்னொண்ணும் சேர்த்துக் கேட்டோம். மூச்சு முட்டுற அவஸ்தையே இவளுக்குத் தெரியாது. நீங்கதான் இவளுக்கு முக்குளிக்கச் சொல்லிக்குடுக்கணும்."

ஹஸ்னா கசுவாமி என்ற மரவள்ளி அடையும் சுட்ட மீனும் பரிமாறிக்கொண்டிருந்தாள். "இவ நஞ்சுக்கொடிய எந்தக் கடல்ல விட்டீங்க?" என்று கேட்டாள். நஞ்சுக்கொடி என்பது கூடப்பிறந்த அண்ணன். கடலில் விட்டால் அது பிள்ளையைக் காக்கும் என்பது அவர்கள் வழக்கம்.

"அதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க எடுத்துக்கிட்டாங்கம்மா."

ஹஸ்னா நதீனின் தட்டில் இன்னொரு மீனை எடுத்து வைத்தாள்.

மறுநாள் ஜுமாரிங் அவளைத் தோணியில் கூட்டிப்போனார். பிள்ளையில்லாத மனிதர் அவர். அந்தப் பெண் உடம்பை வளைத்து, அலட்டிக்கொள்ளாமல் இறங்கிய விதத்தைப் பார்த்ததும் அவர் ஈட்டியைக்கூட எடுக்காமல் பின்னாலேயே குதித்தார். அது அவருடைய இறக்கமேதான். இருவரும் அடியில் பாறையைப் பிடித்து நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் வயிறு வெட்டி இழுத்தது. மேலே வா என்று உடம்பு கூப்பிடும் கூப்பாடு அது. சைகை காட்டினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் மேலே வந்தார்.

"ஏன் மாமா இழுத்தீங்க? எனக்கு ஒண்ணுமே ஆகலையே!" என்று கோபித்தாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"ஐயா, இந்தப் புள்ளையைத் தண்ணியில விடாதீங்க. மேல வரணும்னு இவளுக்குத் தோணவே மாட்டேங்குது," என்றார் ஜுமாரிங்.

"தோணக் கூடாதுன்னுதானே செஞ்சிருக்கு! உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாத்துக்கிறேன்."

வேறு ஆள் கவனிக்காமல் விட்டுவிடுவானோ என்ற பயம் ஒரு பக்கம். அவள் இறங்குவதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். அந்த ஆசைதான் பிற்பாடு அவரைத் தூங்கவிடாமல் செய்தது. அடுத்த நாளும் அவரே போனார்.

இந்த முறை ஹார்யோவும் தோணியில் ஏறிக்கொண்டார். அவள் தனியாக இறங்க வேண்டும் என்றார். ஜுமாரிங் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தானாயிருந்தால் வயிறு இழுக்கும் நேரம் வந்ததும் குதிக்க எழுந்தார். ஹார்யோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க, இருங்க. இன்னும் கொஞ்சம்தான்."

"கைய விடுங்கய்யா!"

உதறிவிட்டுக் குதித்தார். நதீன் அடியில் ஒரு பாறையைப் பற்றியபடி உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. மீன்கள் அவள் முகத்தருகே போய்வந்துகொண்டிருந்தன. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவளை எடுக்க முடிந்தது.

தோணியில் கிடத்தி வாயில் ஊதி ஊதிப் பார்த்ததில், கடைசியில் அவள் இருமினாள். ஹார்யோ குலுங்கிக் குலுங்கி அழுதார். நதீன் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஜுமாரிங்கிடம் கேட்டாள்: "இவரு யாரு மாமா?"

அன்றே விசைப்படகில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மழைக்காலம் முடிந்தபின் ஹார்யோ போனில் பேசினார். ஹஸ்னாதான் கேட்டுக் கணவருக்குக் கத்திச் சொன்னாள். "நடக்குறாளாம், சாப்பிடுறாளாம். பேருதான் யாரோடதும் மனசுல நிக்க மாட்டேங்குதாம். அவன் பொண்டாட்டி மறுபடி முழுகாம இருக்காளாம். இந்தத் தடவை எல்லாத்தையும் சரி பண்ணிட்டாங்களாம்."

"எதைச் சரி பண்ணுனாங்களாம்?"

ஹஸ்னா போனில் கேட்டாள். பதிலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டாள்.

"பொறக்கப்போறவன் இன்னும் ஆழம் போவானாம்."

அடுத்த கோடையில் வேறு குடும்பங்கள் வரத் தொடங்கின. எல்லாப் படகிலும் நதீனைப் போலவே ஒன்றிரண்டு அமைதியான பிள்ளைகள். குடியிருப்பில் அவர்களுக்கென்றே புது அறைகள் கட்டினார்கள். ஜுமாரிங் யாரையும் கூட்டிப்போவதில்லை. தோணியைத் தள்ளிக்கொண்டு, யாரும் வராத பாறைகளுக்குப் போகிறார். அங்கும் அடியில் இறங்கியதும் ஈட்டியைத் தூக்குவதில்லை. முதலில் சுற்றிலும் தேடிப் பார்க்கிறார், எந்தப் பிள்ளையாவது உட்கார்ந்திருக்கிறதா என்று. அதிலேயே மூச்சு தீர்ந்துவிடுகிறது. ஏன் வெறுங்கையோடு வருகிறீர்கள் என்று ஹஸ்னா கேட்டால், பேய்க்கணவாய் கிடைக்கவில்லை என்கிறார்.